சிலம், சிலிம், சிலும்பி: எந்த இடத்தில் எந்தச் சொல்?

கேள்வி: இந்திச் சிறுகதை ஒன்றை முதன்முறையாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. அதில் ‘சிலம்’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலிடத்தில், வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கும் பெரியவர் தம் பேரனிடம் சிலமை நிரப்பிக் கொண்டுவரச் சொல்கிறார். இரண்டாம் இடத்தில், கோயில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் சாது ஒருவர் சிலம் புகைக்கிறார். மூன்றாம் இடத்தில், அந்தப் பேரனே வளர்ந்த பிறகு, “அவர்களுக்குச் சிலம் நிரப்பிக்கொண்டு கிடக்க என்னால் முடியாது” என்று தந்தையிடம் சண்டை போடுகிறான். அந்தக் காட்சியில் புகைப்பவர் எவருமே இல்லை. என்னிடமுள்ள அகராதி ‘புகைக்குழாய்’ என்று மட்டும் சொல்கிறது. நண்பர் ஒருவர், ‘சிலும்பி’ என்பது நல்ல தமிழ்ச் சொல், எல்லா இடத்திலும் அதையே போடு என்கிறார். ‘ஹூக்கா’ என்றால் யாருக்கும் புரியும் என்கிறார் இன்னொருவர். ‘சில்லம்’ என்று எழுதுவாரும் உண்டு. எதை ஏற்பது?
வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கதையிலுள்ள மூன்று இடங்களுக்கும் மூன்று வெவ்வேறு தீர்வுகள் தேவைப்படும். ஒரே சொல்லைத் தேடியதால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள் அல்ல, ‘புகைக்குழாய்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்ட அகராதிதான். இந்தியில் சிலம் என்பது முதற்பொருளில் குழாயே அன்று. அது ஒரு கிண்ணம்.

இதைத் தெளிவாக்கிக்கொள்ள ஹூக்காவின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். அடியில் நீர் நிற்கும் கலம் இருக்கும். அதிலிருந்து மேலே ஒரு தண்டு எழும்; பக்கவாட்டில் வாய் வைத்து இழுப்பதற்கான குழல் புறப்படும். தண்டின் உச்சியில், தொப்பி கவிழ்த்தாற்போல் அல்லாமல் பூ மலர்ந்தாற்போல் வாய் விரிந்த ஒரு சுட்ட மண் கிண்ணம் செருகப்பட்டிருக்கும். அந்தக் கிண்ணத்துக்குப் பெயர்தான் சிலம். அதன் அடித்துளையில் புகையிலை சரிந்து உள்ளே போய்விடாமல் இருக்க ஒரு சிறு கூழாங்கல்லையோ ஓட்டுச் சில்லையோ வைப்பார்கள். இந்தியில் அதற்குக் ‘கிட்டக்’ என்று தனிப்பெயரே உண்டு. அதன்மேல் வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்த புகையிலையை அப்பி, அதற்கும் மேலே வரட்டித் தணலையோ கரித்தணலையோ பரப்புவார்கள். வெல்லம் கலந்த புகையிலை ஈரப்பதமாக இருப்பதால் சுருட்டைப்போல் தானாகக் கனன்றுகொண்டிராது. தணல் மேலேயே கிடந்தால்தான் புகையும். ஆகவே ‘சிலம் நிரப்புவது’ என்பது ஒரு வேலை. அடுப்படிக்குப் போக வேண்டும், தணல் எடுக்க வேண்டும், சாம்பலைத் தட்ட வேண்டும், ஊதிக்கொண்டே வந்து சேர வேண்டும். உங்கள் கதையின் பெரியவர் பேரனை ஏவுவது இதற்காகத்தான். அவர் ஹூக்காவைக் கொண்டுவரச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஹூக்கா அவருடைய கட்டிலருகிலேயே நிற்கிறது; அதன் உச்சிக் கிண்ணம் மட்டும் வீட்டுக்குள் போய்த் தணலோடு திரும்பி வருகிறது. அந்த இடத்தில் ‘ஹூக்கா’ என்று மொழிபெயர்த்தால், நீர் தளும்பும் கலத்தைச் சிறுவன் தூக்கிக்கொண்டு ஓடுவதாக ஒரு பொய்க்காட்சி வாசகர் மனத்தில் எழும்.

அந்தக் கிண்ணமே தண்டையும் நீரையும் விட்டுவிட்டுத் தனியாகப் பிடிக்கும் கருவியாகவும் ஆனது. ஏழை உழவருக்கும் வழிப்போக்கருக்கும் ஹூக்காவைச் சுமந்து திரிவது இயலாத காரியம். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘பூஸ் கீ ராத்’ கதையில், குளிரிரவில் வயற்காவலுக்குப் போகும் ஹல்கூ குளிரை மறக்கப் புகைப்பது இத்தகைய வெறும் சிலமைத்தான். அதில் இருப்பது புகையிலை, வேறொன்றும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

சாதுக்கள் பிடிக்கும் சிலம் வடிவிலேயே வேறு. என் மேசைமேல் பேனாக்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வாரணாசியில் படித்துறைச் சந்து ஒன்றில், மண் குவளைகள் அடுக்கியிருந்த கடையில் வாங்கியது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். மேல்வாயில் இரண்டு விரல் நுழையும். கீழே போகப்போகக் குறுகிச் சுண்டுவிரல்கூட நுழையாத துளையாக முடியும். எங்கும் வளைவு கிடையாது. உள்ளே உருளும் சிறு கல்லை எடுத்து வெளியே வைத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வழியாக வெளிச்சம் தெரியும். அடிமுனையில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றிக்கொள்வார்கள். அதற்கு ‘சாஃபி’ என்று பெயர். இரு கைகளையும் குவித்து, சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் சிலமை நிறுத்தி, கைக்குவிப்பின் இடுக்கில் வாய் வைத்து இழுப்பார்கள். உதடு மண்ணில் படுவதில்லை. கூட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக் கைமாற்றிப் புகைப்பவர்களுக்கு எச்சில் படாமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. உங்கள் சாது படிக்கட்டில் ‘குழாயை வாயில் வைத்துக்கொண்டு’ உட்கார்ந்திருப்பதாக எழுதிவிடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு விவரம். இந்திக் கதாசிரியர் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார். அவருடைய வாசகருக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை.

கிண்ணத்தின் பெயர் முழுக் கருவிக்கும் ஆகிவந்ததில் வியப்பில்லை. ஹூக்கா என்ற சொல்லின் கதையும் அதுவே. அரபியில் ‘ஹுக்கா’ என்பது சிறு பேழையை, சிமிழைக் குறிக்கும் சொல். அடியிலுள்ள நீர்க்கலத்துக்கு வந்த அந்தப் பெயர் பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கலாயிற்று. மேற்காசியாவில் வழங்கும் ‘நார்கீலே’ என்ற பெயரோ பாரசீகத்தில் தேங்காயைக் குறிக்கும் ‘நார்கீல்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கும் முன்னோடி வடமொழி ‘நாரிகேளம்’. சிரட்டையில் நீர் ஊற்றிப் புகைத்ததன் நினைவு அந்தப் பெயரில் தங்கிவிட்டது. ஒரே கருவி, ஓரிடத்தில் அடிக்கலத்தாலும் ஓரிடத்தில் சிரட்டையாலும் பெயர் பெற்றிருக்க, உச்சிக் கிண்ணம் மட்டும் ‘சிலம்’ என்று தனித்து நின்றது. பாரசீகத்திலும் இந்தியிலும் உருதுவிலும் சொல் ஒன்றே. இந்தியில் அது பெண்பால்.

கருவியிலிருந்து அளவுக்கும் இந்தச் சொல் தாவியது. ‘ஒரு சிலம்’ என்றால் ஒரு தடவை நிரப்பும் புகையிலை. அதைப் புகைத்து முடிக்கும் நேரம் என்றும் கொள்ளலாம். நாம் ‘ஒரு வாய் வெற்றிலை’ என்பதுபோல. இந்தப் பொருள் பழையது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில் இச்சொல்லுக்குக் காட்டப்பட்டுள்ள மேற்கோள் ஒன்று 1781ஆம் ஆண்டுக்கு உரியது. ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்த ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் செலவுக் கணக்கு அது: நாளொன்றுக்கு 3 சிலம் வீதம் ஹூக்கா ஆயத்தம் செய்து தருவதற்கு வாரக் கூலி இவ்வளவு என்று, பணம், டப்பு, காசு என மூன்று பத்திகளில் எழுதியிருக்கிறார். நம் ‘பணமும்’ ‘காசும்’ ஆங்கில உருவில் நிற்கும் அந்த வரியைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

இனி ‘சிலும்பி’. அது ‘நல்ல தமிழ்ச் சொல்’ என்று உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழில் நன்றாக ஊன்றிவிட்ட சொல் என்ற பொருளில் அவர் சொன்னது சரி. தமிழில் பிறந்த சொல் என்ற பொருளில் சரியன்று. ‘சிலும்பு’ என்று தமிழில் ஒரு வினை உண்டு, புகை சிலும்பி எழுவதால் சிலும்பி என்று பெயர் வந்தது என்று விளக்குவாரை நானே சந்தித்திருக்கிறேன். கேட்பதற்கு இனிமையான விளக்கம். ஆனால் அதே பொருளுக்கு, அதே ஒலிச்சாயலில், மராத்தியில் ‘சிலீம்’ என்றும் கன்னடத்தில் ‘சிலுமெ’ என்றும் சொல் இருக்கும்போது, தமிழை மட்டும் தனியே பிரித்துத் தாய்வீடு தேட முடியாது. கன்னடக்காரருக்கும் இதே மயக்கம் வரலாம். அவர்கள் மொழியில் ‘சிலுமெ’ என்றால் நீரூற்றும் ஆகும். ஊற்றுக்கும் புகைக்கும் உறவில்லை. இரு வேறு சொற்கள் ஒரே உடையில் நிற்கின்றன, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் சொல்லை, ஏற்கெனவே காதுக்குப் பழகிய ஏதோ ஒரு சொல்லின் சாயலுக்கு வளைத்துக்கொள்வது மக்களின் இயல்பு. ‘சிலம்’, ‘சிலிம்’ ஆகி, ‘சிலும்பி’ ஆனது அவ்வகையில்தான் என்பது என் கருத்து. மராத்தியர் தஞ்சையை ஆண்ட காலமும், தக்கணத்து உருது பேசும் படைவீரர்களும் பக்கீர்களும் தமிழூர்களில் நடமாடிய காலமும் நீண்டவை. சொல் வருவதற்கு வழிகள் பல இருந்தன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அக்பரின் அவைக்குப் புகையிலையை முதலில் கொண்டுபோனவர் ஆசத் பேக் என்ற அதிகாரி. தக்கணத்துப் பீஜப்பூரிலிருந்து திரும்பும்போது கொண்டுபோனதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. 1617இல் ஜஹாங்கீர் தடை போடும் அளவுக்கு அப்பழக்கம் அதற்குள் பரவிவிட்டது. இலை தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கிறது. அதைப் புகைக்கும் கிண்ணத்தின் பெயர் வடக்கிலிருந்து தெற்கே வந்திருக்கிறது.

ஆனால் தமிழுக்கு வந்த சொல் வழியில் தன் சுமையில் பெரும்பங்கை இறக்கிவைத்துவிட்டது. இந்தியில் சிலம் என்றால் ஹூக்காவின் கிண்ணம், உழவரின் புகையிலைக் குழல், சாதுவின் கஞ்சாக் குழல், ஓர் அளவு என எல்லாம் ஆகும். சூழலே பொருளைத் தீர்மானிக்கும். தமிழில் சிலும்பி என்றால் இன்று கஞ்சா ஒன்றே நினைவுக்கு வருகிறது. சாமியார், மடம், கஞ்சா என்ற வட்டத்துக்கு வெளியே அந்தச் சொல் நடமாடுவதில்லை. இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். செப்பனிடும் பணிக்கு வந்த புதிதில், ராஜஸ்தானியப் பின்னணி கொண்ட ஒரு கதையின் மொழிபெயர்ப்பில், ஆட்டுக்கிடைக்குக் காவலிருக்கும் கிழவி ஒருத்தி ‘சிலும்பியைப் பற்றவைத்தாள்’ என்று இருந்தது. நான் அதை மாற்றாமல் விட்டேன். நூல் வந்த பிறகு வாசகர் ஒருவர், “பாட்டி கஞ்சா குடிப்பவளாக இருப்பதால் அவளுடைய சாட்சியத்தை ஊர் நம்பவில்லை என்று புரிந்துகொண்டேன், சரியா?” என்று எழுதிக் கேட்டிருந்தார். மூலத்தில் அந்தக் கிழவி புகையிலைதான் குடிக்கிறாள். ஊர் அவளை நம்பாததற்குக் காரணம் அவளுடைய சாதி. ஒரே ஒரு சொல்லால் கதையின் முதுகெலும்பே இடம் பெயர்ந்துவிட்டது. அந்த அஞ்சலட்டையை இன்னமும் வைத்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் பெரியவருக்குச் ‘சிலும்பி’ வேண்டாம். சாதுவுக்கு அது பொருந்தும். அவர் புகைப்பது கஞ்சாதான் என்பது மூலத்தில் உறுதியாக இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், ‘சிலும்பி’ என்ற சொல்லைத் தயங்காமல் போடலாம், விளக்கமே தேவையில்லை.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ‘சில்லம்’ என்பது ஆங்கில எழுத்துகளைப் பார்த்துத் தமிழாக்கியதன் விளைவு. ஆங்கிலத்தில் லகரத்தை இரட்டித்து எழுதுகிறார்கள், இந்தியில் ஒற்றை லகரமே. அதை விட்டுவிடுங்கள். ‘சிலம்’ என்பதே மூலத்துக்கு நெருக்கமானது. நானும் இக்கடிதத்தில் இந்திச் சொல்லைச் சுட்ட அதையே ஆள்கிறேன். ஆனால் தமிழ் வாக்கியத்துக்குள் அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ‘ஒரு சிலம் புகைத்தார்’ என்று எழுதிப் பாருங்கள். ‘ஒரு சிலர்’ என்பதன் அச்சுப்பிழை போலத் தோன்றும். வேற்றுமை ஏறும்போது இன்னும் சங்கடம். மகர ஈற்றுப் பெயர்கள் தமிழில் அத்துச் சாரியை பெறுவது இயல்பு என்பதால் ‘மரம், மரத்தை’ என்பதுபோல் ‘சிலத்தை’ என்று சொல்லத்தான் நாக்கு போகும். அது ‘சிலதை’ என்று காதில் விழும். ‘சிலமை’ என்று நீங்கள் எழுதியிருப்பது இலக்கணத்துக்குத் தப்பி ஓடும் வழி. ‘சிலிம்’ என்ற வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. சிலிமை, சிலிமில், சிலிமுக்கு என்று தடையின்றி வரும். வேறெந்தத் தமிழ்ச் சொல்லோடும் மோதாது. கஞ்சாவின் வாடையும் அதில் குறைவு. புகையிலை புகைக்கும் இடங்களில் நான் ‘சிலிம்’ என்றே எழுதிவருகிறேன். ‘சுங்கான்’ என்ற சொல் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். ஈழத்து எழுத்தில் இன்றும் உயிரோடு இருக்கும் நல்ல சொல்தான். ஆனால் அது வாயோரம் கடித்துக்கொள்ளும் வளைந்த மரக் குழலையே கண்முன் நிறுத்தும். வரட்டித் தணலுக்கு அது பொருந்தாது.

உருதுச் சாயல் மிகுந்த கதைகளைப் பின்னால் நீங்கள் எடுக்கக்கூடும் என்பதால் ஓர் எச்சரிக்கை. ‘சிலம்ச்சி’ என்று வந்தால் அது கை கழுவும் உலோகத் தட்டம். ‘சில்மன்’ என்று வந்தால் மூங்கில் திரை. இரண்டையும் புகையோடு சேர்த்துவிட்ட மொழிபெயர்ப்புகளைக் கண்டிருக்கிறேன்.

வினைச்சொல்லில் உங்களுக்குச் சிரமம் இராது. இந்தியில் சிலமைக் ‘குடிக்கிறார்கள்’. தென்மாவட்டத்துப் பெரியவர்கள் பீடியையும் சுருட்டையும் குடிப்பவர்களாயிற்றே. ஆகவே ‘சிலிம் குடித்தார்’ என்பது மொழிபெயர்ப்பு வாடை வீசாத தமிழ். சாதுவுக்கு ‘சிலும்பியை இழுத்தார்’ என்பது இன்னும் பொருத்தம். ஒரு மூச்சு இழுப்பதை இந்தியில் ‘தம்’ என்கிறார்கள். பாரசீகத்தில் மூச்சு என்று பொருள். அதுதான் நம்மூரில் ‘தம் அடிப்பது’ என்றும் ‘தம் கட்டுவது’ என்றும் ‘தம் பிரியாணி’ என்றும் மூன்று வீடுகளில் குடியிருக்கிறது. ஆனால் உங்கள் கதையில் அதைத் தொடாதீர்கள். ‘தம்’ என்றதும் பெட்டிக்கடையும் சிகரெட்டும் வந்துவிடும். சாதுவை அங்கிருந்து மீட்பது கடினம்.

மூன்றாம் இடம்தான் கடினமானது, அதனாலேயே சுவையானதும்கூட. ‘சிலம் பர்னா’, அதாவது சிலம் நிரப்புதல், இந்தியில் ஒரு மரபுத்தொடர்: ஒருவரை அண்டிப் பிழைப்பது, எடுபிடி வேலை செய்வது, முகத்துதி செய்து காலந்தள்ளுவது என்று பொருள். ஏன் அப்படிப் பொருள் வந்தது என்பது மேலே சொன்ன தணல் வேலையை நினைத்தால் விளங்கும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். சிறியவனோ ஏழையோ அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருப்பான். ஹூக்காவைச் சுற்றி உட்காரும் வட்டத்துக்குச் சாதிக் கணக்கும் இருந்தது. குழலில் வாய் வைக்கும் உரிமை தம்மவர்க்கே உண்டு. ஒருவரை ஊர் விலக்கும்போது ‘ஹூக்கா, தண்ணீர் இரண்டும் நிறுத்தம்’ என்று இந்தியில் சொல்வது அதனால்தான். உங்கள் கதையில் அந்தத் தொடரும் வந்தால் ‘ஊர்விலக்கு’ என்று எழுதிவிடுங்கள். ஹூக்காவை உள்ளே இழுக்க வேண்டியதில்லை.

பேரனின் வாக்கியத்தை ‘அவர்களுக்கு எடுபிடியாகக் கிடக்க என்னால் முடியாது’ என்று எழுதினால் பொருள் முழுமையாக வந்துவிடும். எந்த மொழிபெயர்ப்பாளரும் அதற்குமேல் உங்களிடம் கேட்க மாட்டார். ஆனால் உங்கள் கதையில், சிறுவனாக இருந்தபோது தாத்தாவுக்குச் சிலம் நிரப்பி ஓடியவன்தான் இப்போது இதைச் சொல்கிறான். கதாசிரியர் முதலிடத்தை வைத்ததே இந்த மூன்றாம் இடத்துக்காக என்று நான் நினைக்கிறேன். தொடரை வெறும் ‘எடுபிடி’ ஆக்கிவிட்டால் இரண்டு காட்சிகளையும் இணைக்கும் நூல் அறுந்துவிடும். அப்படியே ‘சிலிம் நிரப்பிக்கொண்டு’ என்று விட்டாலோ, கோபத்தின் சூடு வாசகருக்கு எட்டாது. இந்த இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரு வழி: முதலிடத்தில் பெரியவர் சொல்வதை, “அடே, சிலிமுக்குத் தணல் எடுத்து வா” என்று அமைத்துக்கொள்ளுங்கள். தணல் எடுப்பது அங்கேயே வாசகர் மனத்தில் பதியட்டும். சிறுவனின் விரல் சுடுவதாக மூலத்தில் இருந்தால் அதை ஒரு சொல்கூடக் குறைக்காதீர்கள். பிறகு மூன்றாம் இடத்தில், “அவர்களுக்குத் தணல் எடுத்து நீட்டிக்கொண்டே கிடக்க என்னால் முடியாது” என்று அவன் சொல்லலாம். தமிழில் அது மரபுத்தொடர் இல்லைதான். ஆனால் கதை அதற்குள் அதை மரபுத்தொடராக ஆக்கியிருக்கும், அடிக்குறிப்பும் வேண்டியிராது.